சென்னையில எந்த மாசம் எதைப் பின்னலாம்?

இன்னைக்கு எபிசோட்ல கோட் பத்தி எதுவும் இல்லை. ஊசி, நூல் பத்தி மட்டும்தான்.

நான் குரோஷே பின்னுவேன்னு சொன்னதும் ஆபீஸ்ல வர்ற முதல் கேள்வி, "சென்னையில யாருடா ஸ்வெட்டர் போடுவா?" நியாயமான கேள்விதான். ஆனா கேட்கிறவர் போட்டிருக்கிற டி-ஷர்ட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. ஆங்கில 'வி' எழுத்து மாதிரி குட்டிக் குட்டிக் கண்ணிகள் வரிசையா தெரியும். அது நெய்த துணி இல்லை, பின்னின துணி. கையால நிட்டிங் பண்றவங்க போடுற அதே கண்ணியைத்தான் திருப்பூர்ல மெஷின் போடுது. மே மாச வெயிலுக்கு நாம தேடிப் போடுற பனியனே நிட்டிங்தான்! அதனால பின்னல்னாலே குளிர்காலச் சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம். என்ன நூல், எவ்வளவு தடிமன், கண்ணி எவ்வளவு நெருக்கம், இந்த மூணும்தான் அது சூடா இருக்குமா இல்லையான்னு முடிவு பண்ணுது.

அப்புறம் ஏன் நிறைய பேர் ஆரம்பிச்சுப் பாதியில விட்டுடறாங்க? நம்மள்ல பெரும்பாலானவங்க கத்துக்கிறது யூடியூப்ல. அங்க அக்டோபர் வந்தா எல்லாரும் தடி உல்லன் எடுத்து ஸ்வெட்டர் ஆரம்பிப்பாங்க. அவங்க ஊர்ல அப்போ குளிர் தொடங்குது. மடியில கிடக்கிற பாதி ஸ்வெட்டரே அவங்களுக்குப் போர்வை. பின்னுற காலமும் போடுற காலமும் அங்க கிட்டத்தட்ட ஒண்ணு. அந்தக் காலண்டரை அப்படியே காப்பி பண்ணினா நமக்கு ஒத்து வராது.

அதனால நான் ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு தேதி எழுதி வெப்பேன். முதல் தேதி, அது என் மடியில இருக்கப் போற மாசம். ரெண்டாவது, அதை ஒருத்தர் பயன்படுத்தப் போற மாசம். மடியில இருக்கிற மாசம் அளவை முடிவு பண்ணும். பயன்படுத்துற மாசம் நூலை முடிவு பண்ணும். இன்னைக்குச் சொல்ல வர்ற விஷயமே இதுதான்.

இதை வெச்சு சென்னை வருஷத்தைப் பிரிச்சுப் பார்ப்போம்.

தை, மாசி. பின்னுறவங்களுக்கு இதுதான் பொற்காலம். கை வியர்க்காது, துவைச்சது சீக்கிரம் காயும். பெரிய போர்வை, ஷால், ஏற்கெனவே பின்னி வெச்ச துண்டுகளை இணைக்கிறது, எல்லாத்தையும் இப்போ செய்யலாம்.

சித்திரை, வைகாசி. கத்திரி வெயில். கை வியர்த்தா அக்ரிலிக் நூல் விரல்ல இழுக்கும், கண்ணி தானா இறுகிடும். அதனால உள்ளங்கைக்குள்ள அடங்குற வேலை, காட்டன் நூல், மூங்கில் ஊசி. டம்ளருக்கு அடியில வைக்கிற கோஸ்டர், காய்கறி வாங்க வலைப் பை, அடுப்படிக்குப் பிடிதுணி. பிடிதுணிக்கு மட்டும் காட்டனைத் தவிர வேற எதுவும் வேண்டாம். அக்ரிலிக் ஒரு வகை பிளாஸ்டிக், சூடான பாத்திரம் பட்டா உருகி கையில ஒட்டும்.

ஆடி, ஆவணி. நவராத்திரிக்கு முன்னாடி கிடைக்கிற நேரம் இது. கொலுவுக்குக் குட்டி பொம்மை, வாசலுக்குத் தோரணம். ஒவ்வொண்ணும் சின்னது, ஒரு வாரக் கடைசியில ஒண்ணு முடிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை. மழை. இப்போ பிரச்சினை வெயில் இல்லை, ஈரம். காட்டன் நிறைய தண்ணி குடிக்கும், தடியா பின்னினது ஃபேனுக்கு அடியில ரெண்டு நாள் கிடந்தாலும் உள்ள ஈரம் இருக்கும், வாடை வந்துடும். கொடியில தொங்க விட்டா அதோட எடையே அதைக் கீழ இழுத்து நீளமாக்கிடும். இந்த மாசங்கள்ல பின்னுங்க, ஆனா துவைச்சு முடிக்க வேண்டிய கடைசித் தேதியை மட்டும் இங்க வைக்காதீங்க. வீட்டில உல்லன் இருந்தா துவைச்சு, நல்லா காய வெச்சு, காத்துப் புகாத டப்பாவுல போடுங்க. உல்லனைத் தின்கிற அந்துப்பூச்சிப் புழுவுக்கு வேர்வைக் கறை ரொம்பப் பிடிக்கும்.

மார்கழி. விடியக்காலை கோலம், சபாவில கச்சேரி, உள்ள ஏசி. நம்ம ஊர்ல ஷால் அதிகம் தேவைப்படுறது ஏசிக்குத்தான். ஆபீஸ் ஏசிக்கு சீசனே கிடையாது, அதனால மெல்லிசா ஒரு காட்டன் ஷால் எந்த மாசம் முடிச்சாலும் வீணாகாது.

சரி, எப்போ ஆரம்பிக்கிறது? இதுக்கு ஒரு சின்னக் கணக்கு. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் ஒரு சதுரம் பின்னி, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. உங்களுக்கு அரை மணி நேரம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். 20 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மஃப்ளர்னா அது 30 சதுரம். அதாவது 15 மணி நேரம். தினம் அரை மணி நேரம் பின்னினா 30 நாள். 80-க்கு 80 ஒரு குழந்தைப் போர்வைன்னா 64 சதுரம், 64 நாள். பயன்படுத்துற தேதியிலிருந்து பின்னாடி எண்ணுங்க. ரிலீஸ் தேதியை வெச்சு வேலையைப் பிரிக்கிற மாதிரிதான்.

என் ரூம்மேட் ஆகஸ்ட் கடைசியில மாஸ்டர்ஸ் படிக்க கனடா கிளம்பினான். "ஒரு குல்லா, ஒரு மஃப்ளர் போட்டுக் குடு மச்சி"ன்னு ஏப்ரல்லயே கேட்டுட்டான். பயன்படுத்துறது டிசம்பர்ல, அதனால உல்லன்தான். உல்லன் தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள இழுத்தாலும் தொட்டா நனைஞ்ச மாதிரி தெரியாது. பனி ஊருக்கு அதைவிட என்ன வேணும்? ஆனா மடியில இருக்கப் போறது மே மாசம். அதனால குல்லா முதல்ல, அது எப்பவும் கைக்குள்ள இருக்கும். மஃப்ளரை மே கடைசியில ஆரம்பிச்சேன். பின்னி முடிச்ச பகுதியைச் சுருட்டி, பக்கத்துல ஒரு துணிப் பையில போட்டுக்கிட்டே வந்தா மடியில ஒரு ஜாண்தான் கிடக்கும். ஜூலையில ரெண்டும் ரெடி.

இப்போ கையில இருக்கிறது அதைவிட முக்கியமான வேலை. அக்காவுக்கு மார்கழி முதல் வாரம் டெலிவரி தேதி. அம்மா சொன்னது, "டேய், குளிர்ல பொறக்குற குழந்தை. உல்லன்ல குல்லா, ஸ்வெட்டர், சாக்ஸ்னு முழு செட்டா பின்னு." சென்னை மார்கழி விடியக்காலையே சுமாரா 20 டிகிரிதான். பெரியவங்களுக்கு உல்லன் உறுத்தினா கழட்டிடுவோம். பிறந்த குழந்தைக்குப் புழுங்கினா சொல்லத் தெரியாது. நான் வாதம் பண்ணலை. ஒரு உல்லன் உருண்டை, ஒரு காட்டன் உருண்டை குடுத்து, "ரெண்டையும் அஞ்சு நிமிஷம் கழுத்துல வெச்சுப் பாரும்மா"ன்னேன். அம்மாவே காட்டன் உருண்டையை எடுத்து வெச்சுட்டாங்க.

கணக்குப்படி 64 நாள். மழையில காய ஒரு வாரம். குழந்தை சீக்கிரம் வந்துட்டா? அதுக்கு மூணு வாரம். அதனால புரட்டாசி பிறந்ததும் ஆரம்பிச்சேன். புரட்டாசியும் புழுக்கம்தானே, முழுப் போர்வையை மடியில போட முடியாது. அதனால 20-க்கு 20 அளவுல 16 சதுரம். இதுவரைக்கும் ஏழு முடிஞ்சிருக்கு. கார்த்திகையில கொஞ்சம் குளிர்ந்ததும் எல்லாத்தையும் இணைப்பேன். துண்டு துண்டா பின்னி இணைக்கிறதை லேசா நினைக்காதீங்க. 2016 ஜனவரியில, இதே சென்னையில, மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு அப்படித்தான் 11,000 சதுர மீட்டருக்கு மேல ஒரு போர்வையை உருவாக்கி கின்னஸ் சாதனை பண்ணினாங்க.

குழந்தைக்குப் பின்னுறவங்க கவனிக்க சில விஷயம். பெரிய ஓட்டை இருக்கிற டிசைன் வேண்டாம், குட்டி விரல் மாட்டும். பட்டன், தொங்குற குஞ்சம் வேண்டாம். நூல் முனைகளை நல்லா உள்ள கோத்து முடிங்க. முக்கியமா, தளர்வான போர்வையும் குல்லாவும் குழந்தை வீட்டில தூங்கும்போது கூடாதுன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. நான் பின்னுறது மடியில வெச்சுக் கொஞ்சுறப்போ சுத்திக்க, முழிச்சிருக்கிறப்போ தரையில விரிக்க. அதை அக்காகிட்ட இப்பவே சொல்லிட்டேன். நீங்களும் குடுக்கிறப்போ வாயால சொல்லிக் குடுங்க.

ஆசைப்பட்டு வாங்கின உல்லன் உங்க அலமாரியில சும்மா கிடந்தா, வருத்தப்பட வேண்டாம். குளிர் ஊருக்குப் போற ஒருத்தர் உங்க வட்டத்துல கண்டிப்பா இருப்பாங்க. அவங்க கிளம்புற தேதியைக் கேளுங்க, அங்கிருந்து பின்னாடி எண்ணுங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு 10 சென்டிமீட்டர் சதுரம், போன்ல டைமரைப் போட்டுக்கிட்டு. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க. யாருக்குப் பின்னப் போறீங்கன்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். டாட்டா!