ஆசிரியர் வகுக்கும் பாடம்

சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கீழைத்தேய வாணிபத்திற் பெரும்பொருள் திரட்டிய இவர், 1718 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்த சிறு கல்லூரியொன்றுக்கு ஒன்பது பொதி பண்டங்களும் 417 நூல்களும் உதவினார். பண்டங்களை விற்ற பணம் கட்டட வேலைக்குப் பயன்பட்டது. கல்லூரியும் அவர் பெயரைப் பூண்டது. கனெக்ரிக்கட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகம் அதுவே.

காலப்போக்கில் உலகின் செல்வமிக்க கல்விக்கூடங்களுள் ஒன்றாக யேல் வளர்ந்தது. நகரமோ அவ்வாறு வளரவில்லை. தொழிற்சாலைகள் மூடுண்டன, வறுமை பெருகிற்று. நகரப் பாடசாலைகளிற் பயின்றோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தாரும் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகளுமாவர். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்கள், கூப்பிடு தூரத்திலிருந்த பெரும் நூல்நிலையத்தினுள் உரிமையோடு நுழைந்ததில்லை.

இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சி 1970 ஆம் ஆண்டில் வரலாற்றுத் துறையில் அரும்பியது. 1978 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் விவியன் என்பாரை இயக்குநராகக் கொண்டு, யேல்–நியூ ஹேவன் ஆசிரியர் நிறுவகம் என்னும் பெயருடன் அது முழுவடிவு பெற்றது.

ஆசிரியர்களுக்கு நடைபெறும் பயிற்சி வகுப்புகள் எத்தகையன என்பதை நேயர்கள் அறிவர். மேலிடத்திலிருந்து ஒருவர் வருவார். கற்பிக்கும் முறை பற்றி உரையாற்றுவார். அச்சிட்ட கைந்நூலொன்றைக் கொடுத்துச் செல்வார். நூல் அலுமாரியிற் குடியேறும். நியூ ஹேவனில் இம்முறை தலைகீழாயிற்று. அங்கே பாடசாலைதோறும் ஆசிரியர் பிரதிநிதிகள் தம் சகாக்களிடஞ் சென்று, எதனைக் கற்க விரும்புகின்றீர்கள் என வினவினர். அவ்விருப்பங்களைத் திரட்டிய பின்னரே, அவற்றுக்கேற்ற பேராசிரியர்கள் அழைக்கப்பட்டனர்.

ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர் அமர்ந்தனர். ஆரம்பப் பிரிவினரும் உயர்வகுப்பினரும், விஞ்ஞானம் படிப்பிப்போரும் இலக்கியம் படிப்பிப்போரும் ஒரே மேசையிற் கூடினர். வசந்தகாலந் தொடங்கிக் கோடை வரை வாசிப்பும் விவாதமும் எழுத்தும் தொடர்ந்தன. பேராசிரியர் கற்பிக்கும் முறையைப் போதிக்கவில்லை. தாம் துறைபோகக் கற்ற பொருளையே எடுத்து விளக்கினார். அப்பொருளைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு எங்ஙனம் ஊட்டுவதென்பதில் ஆசிரியரே வல்லுநர். இவ்விடத்தில் எவரும் எவருக்கும் தாழ்ந்தவரல்லர் என்பதே ஏற்பாட்டின் உயிர்நிலை.

எடுத்துக்காட்டாக, 2001 ஆம் ஆண்டுக் கருத்தரங்குகளுள் ஒன்று பாலங்களைப் பற்றியது. பாலம் என்றவுடன் பொறியியலே நினைவுக்கு வரும். ஆனால் பாரந்தாங்கும் விதம் கணித ஆசிரியர்க்கு ஒரு பாடமாகலாம். ஆற்றின் இரு கரைகளிலும் எழுந்த ஊர்களின் கதை சரித்திர ஆசிரியர்க்கு உதவும். பாலர் வகுப்பிலோ, கடதாசியை மடித்துப் பாலஞ் செய்து, அதன்மேல் எத்தனை நாணயம் நிற்குமெனப் பார்த்தாற் போதும். கடதாசியை மடிக்க மடிக்க அது ஏன் வலுப்பெறுகின்றது என்று பிள்ளை கேட்குமாயின், பாடம் அங்கே தொடங்கிவிட்டது எனலாம்.

முடிவில் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பிற்கென ஒரு பாட அலகை எழுதுதல் வேண்டும். பொருள் விளக்கம், கற்பிக்கும் உபாயங்கள், மாதிரிப் பாடங்கள், வாசிப்பு நூல்கள் ஆகியன அதில் அடங்கும். முதல் வரைவு பேராசிரியரிடஞ் சென்று திருத்தங்களோடு மீளும். பிறர் எழுத்தைத் திருத்திப் பழகிய ஆசிரியர்க்கு இது எளிதன்று. பல ஆண்டுகளாக நீண்ட கட்டுரை எழுதாதவர்க்கு முதற்பக்கமே மலையாகத் தோன்றும். எழுதி முடித்தோர்க்குச் சிறு வேதனமும் உண்டு. அலகுகள் தொகுதிகளாக அச்சேறிப் பிற ஆசிரியர்க்கும் பயன்பட்டன.

ஆசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தைத் தாமே வகுப்பாராயின், பொதுத்தரம் என்னாவது என வினவலாம். வினா நியாயமானதே. பாடசாலை மாறும் பிள்ளைக்கு ஒரு பொதுக் கலைத்திட்டம் தேவை. ஆயினும் இவ்வலகுகள் அதனை அகற்ற எழுந்தவையல்ல. அதற்கு உட்பட்டே ஆக்கப்பட்டவை. மெய்யான இடர் வேறு திசையிலிருந்து வந்தது. 2002 ஆம் ஆண்டு தைமாதத்தில் ஒப்பமிடப்பட்ட மத்திய சட்டமொன்று, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சையைக் கட்டாயமாக்கிற்று. நலிந்தோர் பிள்ளைகளும் கவனிக்கப்படல் வேண்டுமென்பதே அதன் நோக்கம், அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் பல பாடசாலைகளிலே பரீட்சைக்குரியது மாத்திரமே பாடமாயிற்று. சித்திரமும் சரித்திரமும் ஒதுங்கின. 2015 ஆம் ஆண்டில் அச்சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்தது; பரீட்சைகள் நீங்கவில்லை.

இத்தனைக்குமிடையே நியூ ஹேவன் முறை பிற நகரங்களையும் எட்டியது. 1999 இல் பிற்ஸ்பேர்க், ஹியூஸ்ரன், அல்புகேர்க்கி, சாந்தா அனா ஆகிய நான்கு நகரங்களில் அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 2004 இல் நாடளாவிய முயற்சியொன்றும் தொடங்கியது. ஆனால் பணமிருந்தால் மட்டும் இது நடைபெறாது. அண்மையில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும். நாள் முழுதும் வகுப்பில் நின்று களைத்து, மாலையிற் கையில் ஒரு வரைவுடன் வந்தமரும் ஆசிரியரின் எழுத்தைப் பொறுமையோடு வாசிக்கும் பேராசிரியரும் அங்கே வேண்டும்.