யார் என்பதும் யாரை என்பதும்

ஒருவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ இரண்டிலும் அடங்காதவரென்றோ உணர்வது பாலின அடையாளம். அவர் மனம் யாரை நாடுகிறது என்பது பாலீர்ப்பு. முன்னது தன்னைப் பற்றியது. பின்னதில் இன்னொருவர் இருக்கிறார். இந்த வேறுபாட்டைச் சட்டமும் மருத்துவமும் நெடுங்காலம் குழப்பியே வந்திருக்கின்றன. இரண்டையும் வேறு வேறாக அறிந்தால்தான் இரண்டுக்கும் நீதி செய்ய முடியும் என்பதே இந்த அவையின் முன் நான் வைக்கும் கருத்து.

குழப்பம் எப்படி வேலை செய்தது என்பதற்கு 1884இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கே போதும். கைராத்தி பெண்ணுடையில் பெண்களோடு அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர். காவல்துறை பிடித்தது, உடலைச் சோதித்தது, கீழ்நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின்கீழ் தண்டித்தது. யாரோடு, எங்கே, எப்போது என்று எதுவும் குற்றச்சாட்டில் இல்லை. அதனால்தான் உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் இத்தகையோரை ஒடுக்க நினைத்த அதிகாரிகளின் நோக்கத்தை அது குறை சொல்லவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் அதற்கு முன்பே இவர்களைப் பதிவேட்டில் ஏற்றி, பொது இடத்தில் பெண்ணுடை அணிவதையும் ஆடிப்பாடுவதையும் தண்டனைக்குரியதாக்கியிருந்தது. கைராத்தி உடுத்திய உடையே அவர் செய்யாத செயலுக்குச் சாட்சியாயிற்று. அடையாளத்திலிருந்து ஈர்ப்பை ஊகிப்பது, ஈர்ப்பிலிருந்து குற்றத்தை ஊகிப்பது என்ற இந்த இரட்டைத் தாவலை நம் காவல்நிலையங்கள் அண்மைக்காலம் வரை கைவிடவில்லை.

‘ஆணை விரும்பும் திருநங்கை உண்மையில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்தானே, ஊருக்கு அஞ்சி வேறு கோலம் பூணுகிறார்’ என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால் பெண்ணை விரும்பும் திருநங்கையும் ஆணை விரும்பும் திருநம்பியும் உலகில் இருக்கவே கூடாது. அமெரிக்கத் திருநம்பி லூ சல்லிவன் பெண்ணாகவே வாழ்ந்து ஓர் ஆணை மணந்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ ஆண்களை விரும்பும் ஆணாக வாழ விரும்பினார். அதை மறைக்காமல் சொன்னதற்காகவே மருத்துவ மையங்கள் அவருக்குச் சிகிச்சை மறுத்தன. மாறியபின் எதிர்ப்பாலினத்தை நாடுபவரே மெய்யான மாற்றுப்பாலினத்தவர் என்பது அன்றைய மருத்துவர்களின் நம்பிக்கை. அதனால் உதவி தேடி வந்த பலர் பொய் சொல்ல நேர்ந்தது. அந்தப் பொய்களையே சான்றாகக் கொண்டு மருத்துவம் தன் நம்பிக்கையை உறுதி செய்துகொண்டது. சல்லிவன் 1991இல் இறக்கும்வரை இதை எதிர்த்து வாதாடினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் பாலின அடையாளத்தைப் பாலீர்ப்பு வழியாக வகை பிரிப்பதை 2013இல்தான் நீக்கியது. 2015இல் அந்நாட்டில் 27,715 மாற்றுப்பாலினத்தவரிடம் நடந்த ஆய்வில், தம்மை எதிர்ப்பால் ஈர்ப்புள்ளவர் என்று சொன்னவர்கள் 15 விழுக்காடுதான். விரும்பிப் பங்கேற்றோரிடம் திரட்டிய கணக்கு என்பதால் அதை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் ஈர்ப்புக்கு இட்ட முகமூடியே அடையாளம் என்ற வாதம் அதன் முன் நிற்காது.

எதிர்த்திசையிலும் கேடு உண்டு. ஈரானில் 1980களில் அந்நாட்டின் அன்றைய தலைவர் கொமேனி அளித்த மார்க்கத் தீர்ப்பால் பாலின மாற்று அறுவைக்கு அனுமதி இருக்கிறது. ஆணோடு ஆண் கொள்ளும் உறவுக்கோ மரண தண்டனை வரை உண்டு. தன் ஆண்மையோடு எந்தப் பிணக்கும் இல்லாமல் இன்னோர் ஆணை நேசிப்பவரைக் கத்திக்குத் தள்ளும் ஏற்பாடு இது. இதை முற்போக்கென்று பாராட்டுவோரோடு என்னால் உடன்பட முடியவில்லை.

‘இந்தப் பிரிவினை மேற்கத்தியச் சரக்கு, நம் மரபில் எல்லாம் கலந்தே இருந்தன’ என்பது இன்னோர் ஆட்சேபம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆணாகப் பிறந்து பெண்தன்மையோடு ஆண்களை நாடி, கோத்தி என்று தம்மை அழைத்துக்கொள்வோரில் பெண்ணாகவே தம்மை உணர்பவரும் உண்டு, மனைவி மக்களோடு ஆணாக வாழ்பவரும் உண்டு. ஆனால் ஒரே வட்டத்தில் இருப்பவர்கள் ‘நீ யார்’ என்பதற்கும் ‘உனக்கு யார் வேண்டும்’ என்பதற்கும் வெவ்வேறு விடை தருகிறார்கள் என்பதைத்தானே அந்தக் கலப்பு காட்டுகிறது?

வேறுவேறென்றால் போராட்டம் மட்டும் ஏன் ஒன்றாக என்று கேட்கலாம். 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவை நிலைநிறுத்தியது. நான்கு மாதம் கழித்து, 2014 ஏப்ரலில், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கின் தீர்ப்பில் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை வழங்கியது. 377 பற்றித் தான் கருத்துரைக்கவில்லை என்றும் சொன்னது. திருநங்கை என்று ஏற்கப்பட்டவர் தம் காதலுக்காகக் குற்றவாளியாகவும் இருக்கும் நிலை, வயதுவந்தோரின் இசைவான உறவை அந்தப் பிரிவிலிருந்து உச்சநீதிமன்றம் விலக்கிய 2018 செப்டம்பர் வரை நீடித்தது. அந்தப் பிரிவை எதிர்த்து மனுப் போட்டவர்களில் திருநங்கையரும் இருந்தது இயல்புதான்.

திருமணத்திலும் இதே சிக்கல்தான். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தூத்துக்குடியில் பதிவு மறுக்கப்பட்ட ஒரு திருமணத்தை ஏற்று, இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்றது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றமும், ஆண்–பெண் உறவில் இருக்கும் மாற்றுப்பாலினத்தவர் நடப்புச் சட்டங்களின்படி மணக்கலாம் என்றது; தன்பால் இணையருக்கு மறுத்தது. ஒரு பெண்ணை நேசிக்கும் திருநங்கையை இந்தத் தர்க்கம் எங்கே நிறுத்துகிறது? ஆவணத்தில் ஆணாக இருக்கும்வரை அவர் அவளை மணக்கத் தடையில்லை. தாம் பெண் என்று அரசிடம் சான்று பெற்றபின் அதே பெண்ணை மணக்க வழியில்லை. நால்சா கொடுத்த உரிமையைப் பயன்படுத்தினால் இன்னோர் உரிமையை இழக்க வேண்டும். மணம் புரியும் இருவரின் பாலினத்தைக் கேட்காத ஒரு திருமணச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றும்வரை இந்த முடிச்சு அவிழாது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் சில சொற்களைத் திருத்துவதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.