கிடைநாயின் உணவு

(ஊராட்சி ஒன்றியத்தில் நடைபெற்ற ஆடு வளர்ப்போர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஆட்டுத் தீவனம், தடுப்பூசி, காப்பீடு, கடனுதவி எனக் காலை முதல் பல செய்திகளைக் கேட்டீர்கள். மந்தையின் பின்னால் பகலெல்லாம் நடந்து, இரவெல்லாம் கிடையைச் சுற்றிக் காவல் புரியும் நாயைப் பற்றி மட்டும் இதுவரை எவரும் பேசவில்லை. அதன் சோற்றைப் பற்றிப் பேச ஓர் அலுவலர் வேண்டுமா என்று சிலர் நகைக்கக் கூடும். நாய் எதைத் தின்கிறது என்பதனால் உங்கள் ஆட்டின் மூளைக்கும் உங்கள் குழந்தையின் ஈரலுக்கும் கேடு வரக்கூடும் என்று அறிந்தால் நகைக்க மாட்டீர்கள். ஆதலின் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகின்றோம்.

நமது தென் மாவட்டங்கள் நாய்களுக்குப் பெயர் பெற்றவை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப் பெயர்களே நாயினத்தின் பெயர்களாக நிலைத்துவிட்டன. இராஜபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. ஆயினும் கிடையில் நிற்கும் நாய்களில் பெரும்பாலானவை பெயர் சொல்லும் இனத்தைச் சேர்ந்தவையல்ல. அவை நாட்டு நாய்கள். உழைப்பில் எதற்கும் குறைந்தவையும் அல்ல.

கிடைகளைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் ஒரு குறை நம் காதில் விழுகின்றது: “ஐயா, இந்த நாய் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, ஆடறுத்த இடத்துக் குடலைப் போட்டால்தான் தின்கிறது.” வேறு வழியின்றிப் பச்சைக் குடலும் நுரையீரலும் நாயின் முன் வீசப்படுகின்றன. இன்று நாம் பேச வந்தது இந்தப் பழக்கத்தைப் பற்றியேயாகும்.

நாயின் குடலில் வாழும் நாடாப்புழுக்களில் இரண்டு வகைகள் கீதாரிகளுக்குப் பெரும்பகை. அவற்றின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் நீரிலும் பரவுகின்றன. அப்புல்லை மேயும் ஆட்டின் உடலில் அம்முட்டை பொரிந்து, ஒருவகைப் புழு மூளையிலும் மற்றொரு வகைப் புழு ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளர்கின்றது. மந்தையில் ஓர் ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, பின்னர் மேய்ச்சலை மறந்து மடிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது பேயுமன்று, கண்ணேறுமன்று. பெரும்பாலும் அம்மூளைக்கட்டியே காரணம். அவ்வாட்டின் தலையையோ, கட்டி கண்ட நுரையீரலையோ பச்சையாக நாய்க்குப் போட்டால் கட்டியிலுள்ள புழு நாயின் குடலில் மீண்டும் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். ஆட்டிலிருந்து நாய்க்கும், நாயிலிருந்து ஆட்டுக்கும் இச்சக்கரம் ஓயாது சுழல்கின்றது.

இரண்டாவது வகைப் புழு சில மில்லிமீட்டர் நீளமேயுள்ளது. நாயின் மயிரில் ஒட்டிய அதன் முட்டை, நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றிலும் சென்று சேரலாம். கட்டி மெல்ல வளர்வதால் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது பலருக்கு அறுவைச் சிகிச்சையே வேண்டியதாகின்றது. ஆட்டுக்கும் நாய்க்கும் மனிதர்க்கும் நடுவே சுழலும் இந்நோயை நாயின் வாயருகே தடுப்பதுபோல் எளிய வழி வேறில்லை.

இவ்வாறு தடுத்துக் காட்டிய நாடு ஒன்று உண்டு. வட அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள ஐஸ்லாந்து தீவில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்நோய் மிக மலிந்திருந்தது. அங்கும் மக்கள் செம்மறி ஆட்டையும் நாயையும் நம்பி வாழ்ந்தவர்களே. கிராபே என்னும் டேனிஷ் அறிஞர் 1864-இல் நோயின் காரணத்தையும் தடுக்கும் முறையையும் விளக்கிச் சிறுநூல் ஒன்று எழுதினார். அது அந்நாட்டு மொழியில் அச்சாகி மக்களிடையே வழங்கப்பட்டது. நாய்க்குப் பச்சை உறுப்புகளைப் போடாதீர்கள், அவற்றைப் புதையுங்கள் அல்லது எரியுங்கள் என்பதே அதன் சாரம். படிப்படியாக நோய் அத்தீவைவிட்டு நீங்கிற்று. மருந்தைக் காட்டிலும் படித்துணர்ந்த மக்களின் பழக்கமே அங்கு வேலை செய்தது என்பது நமது கருத்து.

நிற்க. பச்சைக் குடலை நிறுத்திவிட்டால் நாய் எதைத் தின்னும்?

நாய் இறைச்சியை மட்டுமே தின்னப் பிறந்தது என்று சொல்வோர் உண்டு. ஓநாயைப் பற்றி அது பெரிதும் உண்மை. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த நாயோ மாவுப் பண்டத்தைச் செரிக்கும் ஆற்றலை ஓநாயைவிட மிகுதியாகப் பெற்றுள்ளது என்பதை 2013-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது. ஆதலின் கேழ்வரகும் கம்பும் சோறும் நாய்க்கு ஏற்றவையே. நன்றாக வேகவைத்திருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. வெறுங்கஞ்சி மட்டும் போதாது என்பதும் அதே அளவு உண்மை. கஞ்சியை மறுக்கும் நாயை நாவடக்கமற்றது என்று ஏசுகின்றோம். பல சமயங்களில் அதன் மூக்கு சரியாகவே கூறுகின்றது, அக்கஞ்சியில் புரதமும் கொழுப்பும் இல்லை என்று.

20 கிலோ எடையுள்ள நாய் திண்ணையோரம் படுத்திருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி போதும். மந்தையோடு பகல் முழுதும் நடக்கும் நாய்க்கோ 1,500 முதல் 2,000 வரை தேவைப்படும். 250 கிராம் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி, 50 கிராம் பருப்பை மசிய வேகவைத்துச் சேர்த்து, இரண்டு முட்டைகளை வேகவைத்து உதிர்த்துப் போட்டு, 150 கிராம் வெந்த இறைச்சியோ முள் நீக்கிய மீனோ கலந்து, ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய் ஊற்றினால் ஏறக்குறைய 1,500 கலோரி கிட்டும். வற்றிய நாய்க்கு இதனைச் சற்றுக் கூட்டலாம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் உண்டு. ஆயினும் நாய்க்கு அது போதாது. கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டையோட்டை அரைத் தேக்கரண்டி அளவு கலந்தால் குறை நீங்கும். செலவில்லாத சரக்கு, குப்பையில் எறிவதுதான்.

இறைச்சிக்கு எங்கே போவது என்று தாய்மார்கள் சிலர் முணுமுணுப்பது கேட்கின்றது. நல்ல கேள்வி. கடையில் எளிய விலைக்குக் கிடைக்கும் ஈரலையும் குடலையும் நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. பச்சையாக வேண்டாமென்றே சொல்கின்றோம். நீர்க்கட்டி காணப்படும் உறுப்பைத் தனியே எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். மற்றவற்றைத் துண்டுகளாக்கிக் குறைந்தது அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். அவ்வாறு கொதித்த நீரையே களியின்மேல் ஊற்றினால் முகர்ந்துவிட்டுப் போன நாய் திரும்பி வரும். நாய்க்கு நாக்கின் சுவை குறைவு. மூக்கே அதற்கு நாக்கு. ஆறிப்போன சோற்றில் மணமில்லை. இளஞ்சூட்டில் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் மீந்த குழம்பை ஊற்றலாமா என்றால், கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சமைத்தாலும் அக்குணம் மாறாது. திராட்சையும் சாக்லெட்டும் அவ்வாறே நஞ்சு. வெந்த எலும்பு ஈட்டிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். அதன் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு எலும்பைப் புதைத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை “நாய்க்குத்தானே” என்று போடுவதும் ஈரலைக் கெடுக்கும். கருவாடாயின் உப்புப் போக ஊறவைத்து அலசிய பின் சிறிதளவு போதும்.

இனி, அடம் பிடிக்கும் நாயைப் பற்றி. அடம் என்பது பெரும்பாலும் நாம் கற்றுக் கொடுத்தது. காலையில் களியைத் தொடாத நாய்க்கு இரக்கப்பட்டுப் பிள்ளைகள் முறுக்கும் ரொட்டியும் போடுகின்றனர். மறுத்தால் மேலானது வரும் என்று நாய் இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறது. நம்மைவிட விரைவாகக் கற்கும் பிராணி அது! குறித்த வேளையில் சோற்றை வையுங்கள். 20 நிமிடத்தில் தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைவரை தண்ணீர் தவிர வேறொன்றும் கொடாதீர்கள். நலமாயுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு வேளைப் பட்டினியால் தீங்கில்லை. குட்டிக்கும் சினை நாய்க்கும் இம்முறை ஆகாது. பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டி மாற்றுங்கள். இல்லையேல் கழிச்சல் காணும்.

எல்லா மறுப்பும் அடமன்று. நன்றாகத் தின்றுகொண்டிருந்த நாய் திடீரென்று வெறுத்தால் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி உண்டா என்று பாருங்கள். உண்ணியால் வரும் காய்ச்சல் முதலில் பசியையே கெடுக்கும். இரண்டு நாள் தொடர்ந்து உண்ணாத நாயை மருந்தகத்திற்குக் கொண்டுவர வேண்டும். வாயில் நுரை, குரலில் மாற்றம், விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால் வாயில் கை வைக்கவே வைக்காதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம்; உடனே தகவல் கொடுங்கள். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியை எந்த நாயும் தவறவிடக் கூடாது.

வேளையும் முக்கியம். நடை நாளில் காலையில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பே சிறிதளவு கொடுத்து, மாலையில் மந்தை அடைந்து நாய் இளைப்பாறிய பின் பெரும்பங்கைக் கொடுங்கள். நெஞ்சு ஆழ்ந்த நாய் வயிறு புடைக்கத் தின்றவுடன் ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் அது நாழிகைக் கணக்கில் உயிரைப் போக்கும். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

உணவு சரியாக இருக்கிறதா என்பதை விலாவே சொல்லும். கையால் தடவும்போது விலா எலும்புகள் தெரிய வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரிதல் ஆகாது.

நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் என்னும் மருந்து உள்ளது. நாயின் எடையறிந்தே மாத்திரையின் அளவைக் கூற இயலும். கிடைநாய்க்கு 6 வாரத்திற்கு ஒருமுறை கொடுப்பது நலம் என்று மருத்துவர் கூறுகின்றார். மாத்திரை விழுங்கிய பின் இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து, அதன் மலத்தைப் புதைத்துவிட வேண்டும். மண்டபத்தின் வாயிலில் கம்பளி மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றை வைத்திருக்கின்றோம். நாயைக் கோணியில் வைத்துத் தூக்கினால் எடை தெரிந்துவிடும். கொண்டுவந்தவர்கள் இப்போதே வரிசையில் நிற்கலாம். கொண்டுவராதவர்கள் உங்கள் கிடை எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்பதைச் சொல்லிச் செல்லுங்கள், நாங்களே தராசுடன் வருகின்றோம்.