பெயர் இருக்கட்டும், பங்கு எங்கே?

(வானொலி மறையுரை. நற்செய்தி: மத்தேயு 21:28-32)



ஒரு தந்தைக்கு இரண்டு மகன்கள். திராட்சைத் தோட்டத்திற்குப் போய் வேலை செய்யுமாறு இருவரிடமும் சொல்கிறார். மூத்தவன் போக மனமில்லை என்கிறான். பிறகு மனம் மாறிப் போகிறான். அடுத்தவன் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிப் போவதாக ஒப்புக்கொள்கிறான், போகவில்லை. இருவரில் தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் யார் என்று இயேசு கேட்கிறார். மூத்தவன்தான் என்று, தலைமைக் குருக்களும் மூப்பர்களும் தங்கள் வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நம்மிடையே அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சை இந்த உவமையின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். "ஆணும் பெண்ணும் சமம்தான். ஆனால் இந்தப் பெண்ணியம் எல்லாம் நமக்கு வேண்டாம்." திருமண வீட்டில், அன்பியக் கூட்டத்தில், கல்லூரி விழா மேடையில் இதைக் கேட்கிறோம். ஆண்களும் சொல்கிறார்கள், பெண்களும் சொல்கிறார்கள்.

சொற்கள் ஒன்றாக இருந்தாலும் சொல்லும் வாயைப் பொறுத்து பொருள் மாறுகிறது. மேடையேறும் ஒரு பெண்பிள்ளை, "நான் பெண்ணியவாதி அல்ல" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைத் தொடங்குகிறாள். ஏன்? அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அடங்காதவள் என்பார்கள், குடும்பத்துக்கு ஆகாதவள் என்பார்கள், நாளை வரன் வரும்போது யாராவது அதைச் சொல்லிக் காட்டுவார்கள். பேச அனுமதி கேட்டுத்தான் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். அதே வாக்கியத்தை வீட்டுத் தலைவர் ஒருவர் சொல்லும்போது, பல நேரங்களில் அதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்று பொருள்.

அன்பார்ந்தவர்களே, அந்தப் பெயரைத் தள்ளுகிறவர்களுக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அது ஆண்களை எதிரிகளாகப் பார்க்கிறது என்று சிலர் அஞ்சுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கொள்கை என்று சிலர் நினைக்கிறார்கள். கருவில் இருக்கும் குழந்தையின் உயிரைப் பற்றி அந்தப் பெயரில் பேசுகிற பலரோடு திருச்சபை உடன்படுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் திருச்சபை அந்தச் சொல்லைக் கண்டு ஓடவில்லை. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், மனித உயிரைக் காப்பதற்கென்றே 1995 மார்ச் மாதம் எழுதிய சுற்றுமடலில், ஒரு புதிய பெண்ணியத்தை வளர்க்கும்படி பெண்களை அழைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற ஊக்கவுரையில், பெண்ணியத்தின் சில வடிவங்கள் போதாதவை என்று கருதினாலும், பெண்களின் இயக்கத்தில் தூய ஆவியாரின் செயலைக் காண வேண்டும் என்று கற்பித்தார்.

ஆகவே இந்தப் பெயரை ஏற்கும்படி யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஏற்றுக்கொண்டவர்களை இழிவாகப் பேச நமக்கு உரிமையும் இல்லை. நம் பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதற்கும், நம் தாய்மார் வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்பதற்கும் பின்னால் பலருடைய போராட்டம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1921இல். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். அப்படி உழைத்தவர்களை அன்றும் பலர் பல பெயர் சொல்லி ஏசினார்கள். பழத்தை உண்பவர்கள் மரம் நட்டவரைத் திட்டக் கூடாது.

அந்தப் பெயரைத் தள்ளிவிட்டுத் தோட்டத்திற்குப் போன மூத்த மகனைப் போன்றவர்களும் நம் நாட்டில் உண்டு. 'மானுஷி' என்ற பெண்கள் இதழை நடத்திய மது கிஷ்வர், தான் ஏன் தன்னைப் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்வதில்லை என்பதை விளக்கி 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். கொள்கைப் பெயர்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், அன்றைய பீகாரின் சிங்பூம் பகுதியில் வாழும் ஹோ பழங்குடிப் பெண்களின் நில உரிமைக்காக அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். 1996இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே நீக்கிவிடவில்லை. என்றாலும் குடும்பத்து ஆண் இறந்துபோனால், அவரைச் சார்ந்திருந்த பெண்கள் அந்த நிலத்தைக் கொண்டு பிழைக்கும் உரிமையைக் காத்தது. பெயரை வேண்டாம் என்றவர் வேலையை விடவில்லை. பதினான்கு ஆண்டுகள் ஒரு வழக்கை நடத்துவது எளிய காரியமா?

நம்மைப் பற்றிய கேள்விக்கு இப்போது வருவோம். "சமம்தான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டோம். தோட்டத்திற்குப் போனோமா?

நம் தமிழில் 'பங்கு' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஒரே ஆலயத்தைச் சேர்ந்த மக்களைப் பங்கு மக்கள் என்கிறோம். கடலில் கிடைத்த பாட்டை விற்றுச் செலவு போக மீதியைப் பிரிப்பதையும் பங்கு என்கிறோம். தகப்பனார் விட்டுச் சென்ற சொத்தைப் பிரிப்பதும் பங்குதான். கோயிலில் பங்கு மகளாக இருப்பவளுக்கு மற்ற இரண்டிலும் பங்கு உண்டா என்று கேட்டுப் பார்த்தால், நம் சமத்துவம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உழைப்பிலிருந்து தொடங்குவோம். தருவைகுளத்திலிருந்து தங்குகடலுக்குப் போகும் படகுகள் நாள்கணக்கில் கரைக்குத் திரும்புவதில்லை. அந்த நாட்களில் வீட்டைப் பார்ப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வட்டி கட்டுவது, வயதான மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது எல்லாம் பெண்கள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில், பெண்ணின் கருவாட்டு வியாபாரமும் மகளிர் குழுக் கடனுமே பல வீடுகளில் உலை கொதிக்க வைக்கின்றன. 2024 ஆகஸ்டில் தருவைகுளத்து மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது செய்தது. இப்படி ஆண்கள் அயல்நாட்டுச் சிறையில் இருக்கிற காலத்தில் குடும்பத்தின் பாரம் முழுவதும் யார் தலையில் இறங்குகிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவையும் தாங்குகிறவளை "சும்மா வீட்டில் இருக்கிறாள்" என்று சொல்லும் நாக்கு சமத்துவம் பேசலாமா?

நம் ஊர்களைச் சுற்றி உப்பளங்கள் இருக்கின்றன. அந்த மக்களின் பாட்டைத்தான் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதினார். வெயிலும் உப்பும் ஆண், பெண் என்று பார்த்துச் சுடுவதில்லை. நாட்டில் சம ஊதியச் சட்டம் வந்தது 1976இல். புனித இரண்டாம் யோவான் பவுல், பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு முன்பு, 1995 ஜூன் 29 அன்று உலகப் பெண்களுக்கு ஒரு மடல் எழுதினார். சம வேலைக்குச் சம கூலி, வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பாதுகாப்பு, குடும்பத்தில் கணவன் மனைவிக்குச் சம உரிமை ஆகியவை உடனடியாகத் தேவை என்று அதில் எழுதியிருக்கிறார். கூலிக்கு ஆள் வைத்திருக்கும் நம் பங்கு மக்கள் இதைத் திருத்தந்தையின் சொல்லாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சொத்து. இங்கேதான் நம் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "பெண்பிள்ளைக்கு நகை போட்டோம், சீதனம் கொடுத்தோம், அவள் பங்கு முடிந்தது" என்கிறோம். அண்ணன் தம்பி மனம் நோகக் கூடாது என்று, படித்துக்கூடப் பார்க்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகும் சகோதரிகள் எத்தனை பேர்! கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு இல்லாமல் சமமாக. தகப்பனார் உயிரோடிருந்தபோது ஒரு பிள்ளையின் வாழ்வுக்கென்று கொடுத்த பணத்தை, பிறகு அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சீதனம் கேட்பதையும் கொடுப்பதையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தடுக்கப்பட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டு, உரிமையான ஒன்றை மறுப்பது எந்த நியாயம்?

பக்கத்திலிருக்கும் திருவிதாங்கூர் பகுதியில் கிறிஸ்தவப் பெண்களுக்கு இதுகூட இல்லாதிருந்தது. பழைய சட்டப்படி, மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1986இல் உச்ச நீதிமன்றம், அங்கேயும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இது நீதிமன்றம் சொல்லித்தான் நாம் அறிய வேண்டிய செய்தி அல்ல. எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். செலொபுகாதின் புதல்வியர் ஐந்து பேர்: மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா. ஆண் வாரிசு இல்லாமல் தகப்பனார் பாலைநிலத்தில் இறந்துபோகிறார். அந்த ஐவரும் சந்திப்புக் கூடார வாயிலில் மோசேயின் முன்பும், குரு எலயாசரின் முன்பும், மக்கள் அனைவரின் முன்பும் நின்று, எங்கள் தகப்பனாரின் உடைமையில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசே அவர்களை அதட்டவில்லை. அவர்கள் வழக்கை ஆண்டவரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரி என்கிறார் ஆண்டவர். அவர்கள் தகப்பனாரின் பெயரை மறக்கவுமில்லை, குடும்பத்தை உடைக்கவுமில்லை. தங்கள் பங்கைக் கேட்டார்கள். பங்கு கேட்கும் பெண்ணைக் குடும்பத்துக்குப் பகை என்று சொல்பவர்கள் இந்த ஐந்து பெயர்களையும் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஊரிலும் ஆலயத்திலும் பேச ஓர் இடம். உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2008இல் ஜாம்ஷெட்பூரில் கூடியபோது, திருச்சபையிலும் சமூகத்திலும் பெண்கள் வலுவடைவதையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டது. 2010இல் ஆணும் பெண்ணும் சமம் என்பதற்கான கொள்கை அறிக்கையையும் வெளியிட்டது. ஆலயத்தைப் பெருக்குவதும் பூ அலங்கரிப்பதும் பெண்கள். கணக்குப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் ஆண்கள் என்றால், அந்த அறிக்கை அலமாரியில்தான் இருக்கிறது என்று பொருள். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போகிற கடற்கரை ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

எனவே இந்த வாரம் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சொத்துப் பிரிக்கும் வீட்டில், தங்கச்சியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பு அவளுடைய பங்கு எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லுங்கள். விட்டுக்கொடுப்பது என்றால் அதை அவளே அறிந்து, மனமுவந்து செய்யட்டும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுப்பவர்கள் வருகிற சனிக்கிழமைக் கணக்கிலேயே அதைச் சரிசெய்யுங்கள். கடலிலிருந்து திரும்பி ஓய்வெடுக்கும் நாட்களில், குடத்தைத் தூக்குவதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் ஆண்மைக்குக் குறைவல்ல என்று உங்கள் மகனுக்குக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு சகோதரி பேச எழுந்தால், அவள் முடிக்கும் வரை கேளுங்கள். "நான் பெண்ணியவாதி அல்ல" என்று அஞ்சி அஞ்சித் தொடங்கும் அந்தப் பிள்ளைக்கு, அந்த முன்னுரை இல்லாமலேயே பேசலாம் என்ற துணிவு நம்மால் வரட்டும்.

பெயரை ஏற்பதா வேண்டாமா என்பது அவரவர் மனச்சான்று. மாலையில் தோட்டக்காரர் வரும்போது, யார் எந்தப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்கமாட்டார். வேலை நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

மன்றாடுவோம். ஆண்டவரே, ஆணையும் பெண்ணையும் உமது சாயலில் படைத்தீர். எங்கள் கடலின் பலனையும், எங்கள் பெற்றோர் விட்டுச் சென்ற உடைமையையும், எங்கள் பங்கின் பொறுப்புகளையும் நீதியாகப் பகிர்ந்துகொள்ளும் மனத்தை எங்களுக்குத் தாரும். வாயால் ஆம் என்று சொல்லும் நாங்கள் காலாலும் ஆம் என்று நடக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.