மூல் என்னும் அளவை



இரசாயனவியலைப் புதிதாகக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் முதற் சில மாதங்களை மிக்க உற்சாகத்துடன் கழிக்கின்றனர். நிறம் மாறும் கரைசல்களும், குமிழியிட்டு எழும் வாயுக்களும், வெண்சுடருடன் எரியும் மகனீசியமும் அவர்கள் உள்ளத்தைக் கவர்கின்றன. 'மூல்' என்னும் சொல் கரும்பலகையில் எழுதப்படும் நாளிலே அவ்வுற்சாகம் தளரத் தொடங்குகின்றது. சூத்திரங்களை மனப்பாடஞ் செய்து தேர்வை எப்படியாவது கடந்துவிட முயல்வோர் சிலர்; இப்பாடமே நமக்கு ஏற்றதன்று என்று ஒதுங்கிவிடுவோர் வேறு சிலர். இது பெரிதும் வருந்தத்தக்கது. இக்கணக்குகளுக்கு வேண்டுவன பெருக்கல், வகுத்தல், விகிதம் என்னும் மூன்றே. கடைக்குச் சென்று மீதிப் பணத்தை எண்ணி வாங்கும் சிறுவனுக்கும் இவை தெரியும். எதை எண்ணுகின்றோம் என்னும் தெளிவு மட்டும் வாய்த்துவிட்டால் எஞ்சியவை எளியனவே.

தச்சர் ஒருவர் கதவுகளுக்குப் பிணைச்சல் பூட்டுகின்றார் என வைத்துக்கொள்வோம். ஒரு பிணைச்சலுக்கு 6 திருகாணிகள் வேண்டும். கடையிலோ இரண்டும் நிறுத்தே விற்கப்படுகின்றன. பிணைச்சல் ஒன்றின் நிறை 50 கிராம். திருகாணி ஒன்றின் நிறை 5 கிராம். அவர் ஒவ்வொன்றிலும் 1 கிலோகிராம் வாங்கினால், 20 பிணைச்சல்களும் 200 திருகாணிகளும் கிடைக்கும். 20 பிணைச்சல்களுக்கு 120 திருகாணிகள் போதும், 80 எஞ்சும். தராசிலே இரண்டும் சமமாக நின்றன. பலகையிலே சமமாகப் பொருந்தவில்லை. தராசு நிறையைக் கூறுகின்றது. வேலையோ எண்ணிக்கையால் நடைபெறுகின்றது. தச்சர் நிறையை எண்ணிக்கையாக மாற்றியபின்னரே தம் வேலையைக் கணக்கிட முடிந்தது.

இரசாயனத் தாக்கமும் இத்தகையதே. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீராகும்போது, ஐதரசன் மூலக்கூறுகள் 2 உம் ஒட்சிசன் மூலக்கூறு 1 உம் தாக்கமுற்று நீர் மூலக்கூறுகள் 2 ஐத் தருகின்றன. சமன்பாட்டிலுள்ள இவ்வெண்கள் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிப்பன. கிராமைக் குறிப்பன அல்ல. ஆயினும் மூலக்கூறுகளை விரல்விட்டு எண்ண வல்லார் யார்? ஆய்வுகூடத்தில் நம் கையிலிருப்பது தராசு ஒன்றே. தராசின் மொழியைச் சமன்பாட்டின் மொழிக்குப் பெயர்த்துத் தருவதே மூல் என்னும் அளவை.

பன்னிரண்டு பொருள்களை ஒரு தசின் என்கின்றோம். அதுபோல மூல் என்பதும் ஓர் எண்ணிக்கையின் பெயரே. எண் மட்டும் மிகப் பெரிது. 6022 என எழுதி, அதன் வலப்புறத்தே 20 பூச்சியங்களை இட்டால் ஏறத்தாழ அவ்வெண் கிடைக்கும். இத்தாலிய அறிஞர் அமெதியோ அவகாதரோ, ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் உள்ள சம கனவளவு வாயுக்கள் யாவும் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டுள்ளன என்று 1811இல் கூறினார். அவர் 1856இல் மறைந்தார். அவர் கருத்தின் பெறுமதியை 1860இல் காள்சுறூ நகரிற் கூடிய இரசாயன அறிஞர் மாநாட்டிலே கனிசாரோ எடுத்து விளக்கினார். 1909இல் பிரெஞ்சு அறிஞர் சான் பெரன் அவ்வெண்ணுக்கு அவகாதரோவின் பெயரையே சூட்டினார். 12 கிராம் காபன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒரு மூல் என நெடுங்காலம் வரையறுக்கப்பட்டிருந்தது. 2019 முதல் அவ்வெண்ணே நேராக நிலைநாட்டப்பட்டுள்ளது. மாணவரின் கணக்குக்கு இதனால் மாற்றம் ஏதுமில்லை.

இப்பெரிய எண்ணைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலான கணக்குகளில் அது தோன்றுவதேயில்லை. சார் அணுத்திணிவுகளைக் கூட்டிக் கிராமில் எழுதினால், அதுவே ஒரு மூலின் திணிவு. ஐதரசனுக்கு 1, காபனுக்கு 12, ஒட்சிசனுக்கு 16, கல்சியத்துக்கு 40 என்று கொண்டால், நீரின் ஒரு மூல் 18 கிராம். காபனீரொட்சைட்டின் ஒரு மூல் 44 கிராம்.

இனி, எழுதுகோலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நன்கு பழக்கமான ஒரு பொருளை வைத்துக் கணக்கொன்று செய்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிலே கிடப்பது சுண்ணக்கல். 1950இல் உற்பத்தி தொடங்கி 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லை நம்பியே அமைக்கப்பட்டது. சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கப்படுவதும் இக்கல்லே. இரசாயன மொழியிற் கூறின், கல்சியங் காபனேற்று வெப்பத்தாற் பிரிந்து, கல்சியமொட்சைட்டாகிய சுட்ட சுண்ணாம்பையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் தருகின்றது. ஒரு மூலிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு மூல் கிடைக்கும்.

25 கிராம் தூய கல்சியங் காபனேற்றைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு கிடைக்கும்? இதற்குப் படிகள் மூன்று. முதற்படி, கிராமை மூலாக மாற்றுதல். கல்சியங் காபனேற்றின் ஒரு மூல் 40, 12, 48 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 100 கிராம்; எனவே 25 கிராம் என்பது 0.25 மூல். இரண்டாம் படி, சமன்பாட்டின் விகிதத்தைப் பயன்படுத்துதல். விகிதம் ஒன்றுக்கு ஒன்று. எனவே சுண்ணாம்பும் 0.25 மூல், வாயுவும் 0.25 மூல். மூன்றாம் படி, மூலைத் திரும்பவும் கிராமாக மாற்றுதல். சுட்ட சுண்ணாம்பின் ஒரு மூல் 56 கிராம், 0.25 மூல் 14 கிராம். வாயு 11 கிராம். இரண்டையும் கூட்டுங்கள், தொடக்கத்திலிருந்த 25 கிராம் வந்துவிடும். இவ்வாறு கூட்டிப் பார்க்கும் வழக்கம் பல பிழைகளைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இக்கணக்கு தாளோடு முடிந்துவிடுவதில்லை. நன்கு உலர்ந்த சுண்ணக்கல் 1000 கிலோகிராமை ஒருவர் சூளையில் இடுகின்றார். அதில் 900 கிலோகிராம் கல்சியங் காபனேற்று. எஞ்சிய 100 கிலோகிராம் வெப்பத்தால் மாறாத மண்ணும் மணலும் எனக் கொள்வோம். 900 கிலோகிராம் என்பது 9000 மூல். அதிலிருந்து வரும் சுண்ணாம்பு 504 கிலோகிராம். வெளியேறும் வாயு 396 கிலோகிராம். ஆகவே சூளையில் எஞ்சுவது 604 கிலோகிராமே. இதனை அறியாத சூளைக்காரர், காணாமற்போன 396 கிலோகிராமுக்காகத் தம் வேலையாட்கள்மீது ஐயங்கொள்ளக்கூடும். கணக்கறிந்தவரோ அது புகையோடு வானிற் கலந்தது என்பதை அறிவார். மேலும், எஞ்சியது 700 கிலோகிராம் என்று தராசு காட்டினால், மிகுதி கிடைத்ததென்று அவர் மகிழமாட்டார். வெளியேற வேண்டிய வாயுவில் 96 கிலோகிராம் இன்னும் கல்லினுள்ளேயே அடங்கியுள்ளது. ஏறத்தாழ 218 கிலோகிராம் கல் வேகாமற் கிடக்கின்றது என்று உணர்ந்து மீண்டும் தீ மூட்டுவார்.

தாக்கிகள் இரண்டும் அளவோடு தரப்படும் கணக்கே மாணவரை மிகுதியும் மயக்குவது. 4 கிராம் ஐதரசனும் 16 கிராம் ஒட்சிசனும் தாக்கமுற்றால் எவ்வளவு நீர் உண்டாகும்? இரண்டையும் கூட்டி 20 கிராம் என்பார் சிலர். தச்சரை நினைவுகூருங்கள். 4 கிராம் ஐதரசன் 2 மூல். அதற்கு 1 மூல் ஒட்சிசன் வேண்டும். இருப்பதோ 0.5 மூல். நிறையில் மிகுந்திருந்தும் எண்ணிக்கையிற் போதாமல் முதலில் முடிந்துவிடுவது ஒட்சிசனே. அதுவே விளைவின் அளவை உறுதிசெய்யும். 0.5 மூல் ஒட்சிசன் 1 மூல் நீரைத் தரும். அது 18 கிராம். 1 மூல் ஐதரசன், அதாவது 2 கிராம், எஞ்சும்.

வழக்கமாக நேரும் பிழைகள் சிலவற்றையும் கூறுதல் வேண்டும். ஒட்சிசன் வாயுவின் மூலக்கூறு ஈரணுக்களால் ஆனது. எனவே அதன் ஒரு மூல் 32 கிராம். அணுவுக்குரிய 16ஐ அவ்விடத்தில் இட்டால் கணக்கு முழுவதும் தவறும். ஒரு மூலின் கனவளவு 22.4 இலீற்றர் என்பது, 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் உள்ள வாயுக்களுக்கே பொருந்தும். திரவ நீரின் ஒரு மூல் 18 மில்லிலீற்றர் மட்டுமே. ஓர் உள்ளங்கை நீர் எனலாம். சமன்பாட்டைச் சமப்படுத்தாமற் கணக்கைத் தொடங்குதல் மற்றொரு பிழை. எல்லாவற்றினும் மேலாக, 44 என்று மட்டும் எழுதி விடுதல் தகாது. 44 கிராம் காபனீரொட்சைட்டு என்று அலகையும் பொருளின் பெயரையும் சேர்த்தெழுதும் மாணவர் வழிதவறுவது அரிது.

மாணவச் செல்வங்களே, சூத்திரங்களை நீண்ட பட்டியலாக மனப்பாடஞ் செய்யாதீர்கள். கணக்கு எவ்வளவு நீண்டதாயினும், 'தரப்பட்டது எத்தனை மூல்? சமன்பாட்டின்படி வேண்டப்படுவது எத்தனை மூல்? அதன் திணிவு அல்லது கனவளவு எவ்வளவு?' என்னும் மூன்று வினாக்களை வரிசையாகக் கேளுங்கள். நாளுக்கொரு கணக்கை இம்முறையிற் செய்துவந்தால், ஒரு மாதத்துள் அச்சம் அகன்றுவிடும். மருந்து செய்வோரும் உரம் ஆக்குவோரும் குடிநீரைத் தூய்மை செய்வோரும் நாள்தோறும் செய்வது இக்கணக்கையே. அவர்களுடைய கணக்கு பிழைத்தால் பிறர் துன்புறுவர். ஆதலால் அதனைப் பள்ளிப் பருவத்திலேயே பிழையறக் கற்பது நம் கடமையாகும்.