டிரெய்லரின் தாங்குகால்கள்



இராணிப்பேட்டைப் பக்கம் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்று நின்று பார்த்தால், பதனிட்ட தோலையும் பாதரட்சைகளையும் சுமந்து துறைமுகம் நோக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களைக் காணலாம். இவற்றுக்கு முன்சக்கரம் இல்லை. முன்பாரத்தை இழுவை லாரியின் முதுகிலுள்ள வட்டத் தட்டொன்று தாங்குகிறது. ஐந்தாம் சக்கரம் என்று அதற்குப் பெயர். குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்காகக் கிடையாக வைத்த சக்கரத்தின் பெயரே இதற்கும் நிலைத்துவிட்டது. 1914இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கொல்லர் ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்பவர், ஒரு படகைக் கொண்டு செல்வதற்காக, காரின் பின்னே பூட்டும் இத்தகைய வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார்.

லாரி விலகிய பின் டிரெய்லரின் முன்பக்கம் எதன்மேல் நிற்பது? மாடுகளை அவிழ்த்ததும் நுகத்தடிக்கு முட்டுக் கொடுக்கிறோம் அல்லவா? அவ்வேலையை இங்கே இரண்டு இரும்புக் கால்கள் செய்கின்றன. நம் நாட்டில் அவற்றைப் பெரும்பாலும் கைப்பிடியைச் சுழற்றியே இறக்குவர். அமெரிக்காவில் குடும்பத்தோடு பயணம் செய்யும் வீட்டு வண்டிகளில் மின்சார மோட்டாரே அதைச் செய்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

கையால் சுழற்றுகிறவனுக்குக் கால் தரையைத் தொட்டதும் கனம் தெரியும். எல்லைக்கு வந்ததும் பிடி இறுகும். மோட்டாருக்கு அந்த உணர்ச்சி கிடையாது. பௌதிக வகுப்பில் படித்ததை இங்கே நினைவுகூருங்கள். சுழலும் மோட்டார் தன்னுள் ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கி மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. கால் முழுதும் நீண்டோ சுருங்கியோ முட்டிக்கொண்டால் சுழற்சி நிற்கும், எதிர்விசை மறையும், மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். சுருள் கருகும், இல்லையேல் பற்சக்கரத்தின் பல் முறியும். ஆகவே ஓசை கனத்தவுடனே விரலை எடுத்துவிட வேண்டும். பியூஸ் எரிந்தால் அதனிடத்தில் தடித்த கம்பியைச் சுற்றும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அது காவற்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

காலை வெகுதூரம் நீட்டுவதும் தீது. நீண்ட கால் எளிதில் வளையும். உட்குழாயைக் கையால் இறக்கி ஊசியால் பூட்டிவிட்டால், எஞ்சிய சிறு தூரமே மோட்டாருக்கு. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் காலை இறக்கலாகாது. வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் பக்கவிசை முழுவதும் கால்களையே தாக்கும். கோடையில், நம் ஊர் வெயிலில், தார்ச்சாலை இளகி, பாதம் அதில் புதையும். அடியில் அகன்ற பலகை வேண்டும். ஒரு கால் மட்டும் புதைந்து வண்டி சாய்ந்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கால்களை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழையலாகாது.

லாரியைப் பூட்டும்போது முன்பக்கத்தின் உயரமும் பொருந்த வேண்டும். மிகத் தாழ்ந்திருந்தால் லாரி மோதிக் காலை வளைக்கும். மிக உயர்ந்திருந்தால் பூட்டும் முளை தட்டின் வாயில் அகப்படாது. பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே காலைத் தூக்க வேண்டும். முழுதும் தூக்காமல் புறப்பட்டால் முதல் மேட்டிலேயே அது தரையில் இடிக்கும்.

மோட்டார் இயங்காத நாளில் உதவக் கைப்பிடி ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். அதைச் செருகுமுன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். மறந்திருக்கையில் மோட்டார் திடீரெனச் சுழன்றால் மணிக்கட்டு முறியும்.