மாவள்ளி டிபன் ரூம்

பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் காலை நடை முடித்தவர்களில் பலர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்திலேயே, லால்பாக் சாலையில் இருக்கும் எம்.டி.ஆர். வாசலில் போய் நிற்பார்கள். மாவள்ளி டிபன் ரூம் என்பதன் சுருக்கம்தான் எம்.டி.ஆர். மாவள்ளி என்பது அந்தப் பேட்டையின் பெயர். நூறு வயதைத் தாண்டிய ஓட்டல் அது.

உடுப்பிப் பக்கம் பரம்பள்ளி என்ற கிராமத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் பெங்களூரில் வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்கள். 1924-ல் லால்பாக் கோட்டைச் சாலையில் சின்னதாக ஒரு கடை போட்டார்கள். அப்போது அதன் பெயர் பிராமின் காபி கிளப். இட்லியும் காபியும்தான் வியாபாரம். நம் சென்னையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நடத்திய கிருஷ்ண ராவும் உடுப்பிப் பக்கத்துக்காரர்தான். சமையலை மட்டுமே நம்பி ஊரைவிட்டுக் கிளம்பிய அந்தத் தலைமுறை, தென்னிந்திய நகரங்களின் காலை நேரத்தையே மாற்றிவிட்டது.

உடுப்பிக்காரர்கள் எத்தனையோ பேர் ஓட்டல் வைத்தார்களே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பெயர்? ருசிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரின் அஸ்திவாரம் அடுக்களையில் இருக்கிறது என்பது என் கருத்து.

சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே ஓட்டல்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே போனார். அவர்களுடைய சுத்தமும் ஒழுங்கும் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டன. ஊர் திரும்பியதும் டம்ளர், தட்டு, கரண்டி எல்லாவற்றையும் நீராவியில் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார். சாப்பிட வருகிறவர்கள் அடுக்களையைக் கண்ணால் பார்க்கலாம் என்றும் ஆக்கினார். அடுக்களையைக் கடந்துதான் சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டும் என்ற வழக்கம் அங்கே வெகுகாலம் இருந்தது. ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு இதன் கனம் தெரியும். மாவு அரைக்கிற இடம், காய் நறுக்குகிற இடம், பாத்திரம் கழுவுகிற இடம் எல்லாம் நாள் முழுக்க வெளியாள் கண்ணில் படும் என்றால், ஒரு மூலையைக்கூட அழுக்காக விட முடியாது. மையா அந்தக் கட்டாயத்தைத் தாமாகவே ஏற்றுக்கொண்டார். 1960-ல் கடை இப்போதுள்ள இடத்துக்கு வந்தது, மாவள்ளி டிபன் ரூம் என்ற பெயரும் வந்தது.

ரவா இட்லியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது. அரிசி இல்லாமல் இட்லிக்கு எங்கே போவது? ரவையை வைத்துச் செய்து பார்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரவா இட்லி என்பது எம்.டி.ஆர்.காரர்களின் வரலாறு. இன்றும் அங்கே அது தட்டில் வரும் அழகே தனி. தயிரில் ஊறிய ரவை, கடுகு தாளிப்பு, மேலே ஒரு முந்திரி. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சாகு, பச்சைச் சட்னி. கூடவே ஒரு குட்டிக் கிண்ணத்தில் உருக்கிய நெய். இட்லியின் மேல் அந்த நெய்யை ஊற்றியதும் அது உள்ளே இறங்குவதைப் பார்க்க வேண்டும்!

இந்த ஓட்டலின் கதையில் என்னை மிகவும் நெகிழ வைப்பது நெருக்கடி நிலைக் காலம். 1975-க்குப் பிறகு, ஓட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. கட்டுப்படியாகாத விலை. இப்படி ஒரு நிலைமையில் கடைக்காரருக்குச் சுலபமான வழிகள் இருக்கின்றன. இட்லியைச் சிறிதாக்கலாம். நெய்யை நிறுத்திவிட்டு வனஸ்பதிக்கு மாறலாம். சாம்பாரில் பருப்பைக் குறைக்கலாம். எம்.டி.ஆர். இவை எதையும் செய்யவில்லை. சொன்ன விலைக்கு, பழைய தரத்திலேயே விற்றார்கள். அன்றன்றைக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை வாசலில் பலகையில் எழுதியும் வைத்தார்கள். தாங்க முடியாமல் போனபோது, தரத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கடையையே மூடினார்கள்.

வேலை செய்தவர்களை என்ன செய்வது? ரவா இட்லி மாவு போன்றவற்றைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். நம் மளிகைக் கடைகளில் இன்று கிடைக்கும் எம்.டி.ஆர். பாக்கெட்டுகளின் தொடக்கம் அதுதான். அந்தப் பாக்கெட் நிறுவனத்தை 2007-ல் நார்வே நாட்டின் ஓர்க்லா வாங்கிக்கொண்டது. 1984-ல் மறுபடி திறந்த ஓட்டல் மட்டும் மையா குடும்பத்திடமே இருக்கிறது. பெங்களூரிலேயே பல கிளைகள் வந்துவிட்டன. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலும் 2013-லிருந்து ஒன்று நடக்கிறது.

கிளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பெங்களூர் போகும் நேயர்கள் ஒரு தடவையாவது லால்பாக் சாலையில் இருக்கும் தாய்க் கடைக்கே போய் வாருங்கள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் வெள்ளி டம்ளரில் வரும் காபியைக் குடிக்காமல் எழுந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை மட்டும் போக வேண்டாம், அன்று கடைக்கு விடுமுறை.